அடிக்கிற பிள்ளை, ஓடுகிற பிள்ளை: சென்னைப் பள்ளிகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சிறப்பாசிரியர். தென்சென்னையில் நாலைந்து பள்ளிகளுக்கு வாரம் ஒருநாள் வீதம் போய்வருகிறேன். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, ஏ.டி.எச்.டி. (கவனம் சிதறுவதும் மிகையான துறுதுறுப்பும்) என்று ஏதோ ஒரு மருத்துவச் சீட்டோடு சேர்ந்த பிள்ளை வகுப்பில் அடித்தாலோ கடித்தாலோ வெளியே ஓடினாலோ என்னைக் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் இரண்டு மாதம் கழித்து. அந்தப் பிள்ளையின் பெற்றோர், பக்கத்தில் உட்கார்கிற பிள்ளையின் பெற்றோர், நடுவில் மாட்டிக்கொண்ட ஆசிரியர் என மூன்று தரப்பும் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கேட்டவர்களின் தொனியை மாற்றவில்லை.

என் மகளை அந்தப் பையன் இரண்டு தடவை தள்ளிவிட்டான். ‘ஸ்பெஷல் சைல்டு’ என்று பொறுத்துப்போக வேண்டுமா?

வேண்டாம். அடிபட்டது உங்கள் மகளுக்கு. அதைப் பள்ளியில் சொல்வதால் நீங்கள் இரக்கமற்றவர் ஆகிவிட மாட்டீர்கள். ஆனால் ‘அவனை வேறு செக்‌ஷனுக்கு மாற்றுங்கள்’ என்று கேட்டால் பிரச்சினை அங்கே போய் உட்காரும், அவ்வளவுதான். எந்த நேரத்தில், எந்த இடத்தில் நடந்தது என்று கேளுங்கள். மறுபடி நடக்காமலிருக்க யார் என்ன செய்யப்போகிறார்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று. வகுப்பிலேயே அமைதியான, சொன்ன பேச்சைக் கேட்கிற பெண் பிள்ளையாகப் பார்த்து, ‘நீ அவனைப் பார்த்துக்கோம்மா’ என்று பக்கத்தில் உட்கார வைப்பது பல பள்ளிகளில் வழக்கம். அவளுக்கு எட்டு வயது. அது அவள் வேலை இல்லை. உங்கள் மகள்தான் அந்தப் பெண் என்றால் தயங்காமல் இடம் மாற்றச் சொல்லுங்கள். கூட விளையாடுவது வேறு, காவல் இருப்பது வேறு.

நேராகவே கேட்கிறேன். இந்தப் பிள்ளைகள் ஆபத்தானவர்களா?

சில பிள்ளைகளுக்குச் சில நேரங்கள் ஆபத்தானவை. அந்த நேரங்களைக் கண்டுபிடிக்க முடியும். ஆட்டிசம் இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை அடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடி வாங்குவதில்தான் இவர்கள் முன்வரிசை. 2012இல் லான்செட் இதழில் வந்த ஒரு கட்டுரை, குறைபாடுள்ள பிள்ளைகள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்ற பிள்ளைகளைவிட 3.7 மடங்கு என்று கணக்கிட்டது. அது வசதியான நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டிய கணக்கு. நம் ஊர்க் கழிப்பறை வாசலில் ஒரு இடைவேளை நேரம் நின்று பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. சீண்டுகிறவன் சத்தமில்லாமல் சீண்டுவான். பதிலுக்கு அடிக்கிறவன் எல்லார் கண்ணிலும் படுவான். புகார்ப் புத்தகத்தில் ஏறுவது இரண்டாமவன் பெயர்.

காரணமே இல்லாமல், திடீரென்று அடிக்கிறான் மேடம். என்ன செய்ய?

முதலில் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். மூன்று கட்டம் போடுங்கள்: அடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்குப் பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது. ஓரத்தில் மணி. இரண்டு வாரம் எழுதுங்கள். ‘கோபப்பட்டான்’, ‘அடம் பிடித்தான்’ என்றெல்லாம் எழுதக் கூடாது. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். ‘ரம்யா மிஸ் சிவப்புப் பேனாவை எடுத்தார், அவன் நோட்டை வீசினான்’ என்பது மாதிரி.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். பேச்சு கிடையாது. ‘எந்நேரமும் அடிக்கிறான்’ என்றுதான் கூப்பிட்டார்கள். நோட்டு போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாமே மதியச் சாப்பாடு முடிந்த அரைமணி நேரத்துக்குள். ‘வயிறு நிறைஞ்சா திமிரு’ என்று ஒருவர் சொன்னார். ஆயாம்மாதான், ‘ஒரு பக்கமாவே மெல்லுறான் டீச்சர்’ என்றார். கடைவாய்ப் பல் சொத்தை. சிகிச்சை முடிந்த பிறகு அடுத்த மாதம் முழுக்க இரண்டே சம்பவம். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் வலி: வலி எங்கே என்று சொல்லத் தெரியாத பிள்ளையின் நடத்தை புதிதாக மாறினால் முதலில் போக வேண்டியது டாக்டரிடம். வலிப்பு நோயும் இவர்களிடம் கூடுதலாக உண்டு. வெறித்துப் பார்த்துவிட்டு, பிறகு குழம்பிப்போய்க் கையை வீசுகிறான் என்றால் அதையும் சொல்லுங்கள்.

அடுத்தது சத்தமும் வழக்க மாற்றமும். பெல் அவன் பெஞ்சுக்கு நேர் மேலே இருக்கலாம். சென்னைக்கென்றே ஒரு காரணம் உண்டு: மழை விடுமுறை. நவம்பர், டிசம்பரில் காலை ஆறு மணிக்கு அறிவிப்பு வரும். ஊரே கொண்டாடும். யூனிஃபார்ம் போட்டு, பை மாட்டி, வேனுக்காக நிற்கிற ஆட்டிசப் பிள்ளைக்கு அது பூகம்பம். மறுநாள் பள்ளி திறந்ததும் யாருக்கோ அடி விழும். இரண்டு அட்டை செய்து காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கவிடச் சொல்கிறேன். ஒன்றில் பள்ளிக்கூடப் படம், இன்னொன்றில் குடையும் வீடும். முந்தின இரவே, ‘நாளைக்கு இதுவா அதுவான்னு காலைல பார்க்கலாம்’ என்று காட்டி வைத்தால் பாதிச் சண்டை குறைகிறது.

மூன்றாவது கட்டத்தைத்தான் பள்ளிகள் மறந்துவிடுகின்றன. ஒரு பள்ளியில் கணக்குப் பாடத்தில் யாரையாவது கிள்ளினால் ஆபீஸ் அறைக்கு அனுப்புவார்கள். அங்கே ஏசி. கிளார்க் அக்கா பாவம் பார்த்து பிஸ்கட் தருவார். நானாக இருந்தாலும் கிள்ளுவேன். கிள்ளாமலேயே வெளியே போக அவனுக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தோம்: மேசையில் ஒரு மஞ்சள் அட்டை, அதைத் தூக்கிக் காட்டினால் ஐந்து நிமிடம் வராந்தா. முதல் வாரம் நாள் முழுக்க அட்டையைத் தூக்கினான். ஆசிரியருக்கு அலுத்துப்போனது. மூன்றாவது வாரம் நாளுக்கு நாலைந்து தடவையாகக் குறைந்தது. கிள்ளல் நின்றது.

சரி, அது அப்புறம். இப்போது, இந்த நிமிடம், கத்திக்கொண்டு பொருள்களை வீசுகிறான். என்ன செய்வது?

அவனை நகர்த்தப் பார்க்காதீர்கள். மற்ற பிள்ளைகளை நகர்த்துங்கள். ‘எல்லாரும் லைப்ரரிக்கு’ என்று சொன்னால் வரிசையாகப் போகும்படி சும்மா இருக்கிற நாளிலேயே இரண்டு தடவை பழக்கியிருக்க வேண்டும். ஒரே ஒரு ஆள் பேசட்டும். நாலு டீச்சர் நாலு பக்கம் நின்று சமாதானம் சொல்வதைவிட மோசமான உதவி கிடையாது. வார்த்தை குறைவாக இருக்கட்டும்: ‘உட்காரு. நான் இருக்கேன்.’ நேருக்கு நேர் நிற்காமல், கை எட்டாத தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். கத்தரிக்கோல், காம்பஸ், அப்புறம் ஸ்டீல் தண்ணீர் பாட்டில் எல்லாம் எட்டாத இடத்துக்குப் போகட்டும். நம் வகுப்பறைகளில் நிஜமான ஆயுதம் அந்த பாட்டில்தான்.

‘சாரி சொல்லு’ என்பதை அன்றைக்கு விட்டுவிடுங்கள். கத்தல் நின்றதும் முடிந்துவிட்டது என்று நினைப்போம். உடம்பு அடங்க இன்னும் அரைமணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் ‘வா, போர்டைப் பார்த்து எழுது’ என்று இழுத்தால் இரண்டாவது ஆட்டம் தொடங்கும்; பெரும்பாலும் முதலாவதைவிடப் பெரிதாக.

பிடித்து அமுக்கலாமா? கட்டிப்போடலாமா? அறையில் விட்டுப் பூட்டலாமா?

கட்டுவதும் பூட்டுவதும் கூடவே கூடாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல மருத்துவமனையிலேயே தனிமையில் அடைத்துவைப்பதைத் தடை செய்திருக்கிறது. அங்கே உடலைக் கட்டுப்படுத்துவதும் உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான். மருத்துவமனைக்கே இல்லாத அதிகாரம் மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு எங்கிருந்து வரும்? கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தனியே தடை செய்கிறது.

ரோட்டில் பாய்கிறான், ஜன்னல் கண்ணாடியைக் குத்துகிறான் என்றால் பிடிக்கத்தான் வேண்டும். ஆபத்து விலகும்வரை மட்டும், சில விநாடிகள். குப்புறப் படுக்க வைத்து முதுகில் அழுத்துவது மூச்சை அடைத்துக் கொல்லக்கூடியது, ஒருபோதும் செய்யாதீர்கள். பிடித்தால் அன்றே எழுதி வைத்து, அன்றே பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள். சாயங்காலம் கையில் தழும்பைப் பார்த்து அம்மா தெரிந்துகொள்கிற நிலை வரக் கூடாது.

கடித்தால், தலைமுடியைப் பிடித்தால் எப்படி விடுவிப்பது?

இழுக்காதீர்கள். இழுத்தால் சதை கிழியும். கடிபட்ட கையை அவன் வாய்ப் பக்கமாகவே மெல்லத் தள்ளினால் தாடை தளரும். முடியைப் பிடித்தால் அவன் கையின் மேல் உங்கள் கையை வைத்துத் தலையோடு சேர்த்து அழுத்திக்கொள்ளுங்கள். வலி குறையும், அவன் விரல் தானாகத் தளரும். தோல் கிழிந்திருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஓடிவிடுகிறாள். கேட் திறந்திருந்தால் போதும், காணவில்லை.

எனக்குத் தூக்கம் கெடுக்கிற கேள்வி இதுதான். அடிக்கிற பிள்ளையைப் பற்றிப் பத்துப் புகார் வந்தால் ஓடுகிற பிள்ளையைப் பற்றி ஒன்றுதான் வரும். ஓடினால் மற்றவர்களுக்கு வலிப்பதில்லையே. ஆனால் உயிர் போவது இதில்தான். 2012இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், ஆட்டிசப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் நாலு வயதுக்குப் பிறகு ஒரு தடவையாவது ஓட முயன்றதாகப் பெற்றோர் சொன்னார்கள். இப்படி ஓடிய பிள்ளைகள் இறப்பதற்கு முக்கியக் காரணம் நீரில் மூழ்குவது.

தண்ணீர் பல பிள்ளைகளுக்குக் காந்தம். நம் ஊரில் தண்ணீருக்கா பஞ்சம்? கடற்கரை, அடையாறு, பக்கிங்காம் கால்வாய், மூடாத மழைநீர் வடிகால், பள்ளி வளாகத்திலேயே சம்ப். அடுத்த காந்தம் ரயில். திருவான்மியூர், இந்திரா நகர், கஸ்தூரிபா நகர் பக்கம் பறக்கும் ரயில் நிலையமும் கால்வாயும் ஒட்டியே இருக்கின்றன. ரயில் பிடிக்கும், தண்ணீரும் பிடிக்கும் என்கிற பிள்ளைக்கு அந்தப் பக்கப் பள்ளி என்றால் நான் முதல்நாளே வாட்ச்மேனிடம் போய்ப் பேசிவிடுவேன்.

சம்ப் மூடிக்குப் பூட்டு போடுங்கள். இரண்டு கேட் இருந்தால் பள்ளி நேரத்தில் ஒன்றைத்தான் திறக்க வேண்டும். வாட்ச்மேன் மாறும்போது பிள்ளையின் போட்டோவும் கைமாற வேண்டும். பீரியட் மாறுகிற இடைவெளி, அசெம்பிளி, ஆண்டு விழா ஒத்திகை மாதிரி ‘அவங்க பார்த்துப்பாங்க’ என்று எல்லாரும் நினைக்கிற நேரங்களில் இன்னார் பொறுப்பு என்று பெயர் எழுதி வைக்க வேண்டும். அவளுக்குப் பிடித்த மூன்று இடங்களை அம்மாவிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

காணவில்லை என்று தெரிந்த உடனே ஒருவர் தண்ணீர் இருக்கிற இடத்துக்கு ஓடட்டும். வகுப்பறைகளைத் தேடுவது அப்புறம். அதே நிமிடத்தில் இன்னொருவர் 112க்கும் பெற்றோருக்கும் போன் போடட்டும். 1098 குழந்தைகள் உதவி எண், ரயில் நிலையங்களுக்கு 139. பள்ளிப் பெயர் கெட்டுவிடும் என்று நாற்பது நிமிடம் தாங்களே தேடிய ஒரு பள்ளியை எனக்குத் தெரியும். பெண் டீக்கடையில் பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடைக்காரர் உட்கார வைத்திருந்தார். ஏற்பாடு எதுவும் அவளைக் காப்பாற்றவில்லை. அந்தக் கடைக்காரர்தான் காப்பாற்றினார்.

ஓடிவந்து நிற்கிற பிள்ளையை அடிக்காதீர்கள். திரும்பி வந்தால் அடி என்று அது கற்றுக்கொள்ளும்.

தன் தலையைத் தானே சுவரில் முட்டிக்கொள்கிறான்.

வலியா என்று முதலில் பாருங்கள். காதுவலியும் தலைவலியும் அடிக்கடி காரணமாக இருக்கும். நடுவில் கை வைக்காமல், தலையணையையோ பையையோ வையுங்கள். தலையில் அடிபட்ட பிறகு வாந்தி, தூக்கக் கலக்கம், வலிப்பு, நடை தள்ளாட்டம் ஏதாவது இருந்தால் நேரே மருத்துவமனை.

‘டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்’ என்கிறார்கள். செய்ய முடியுமா?

எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு. சிறுபான்மை நிறுவனப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின்படி, அரசு நிதி பெறுகிற அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொண்டு, தேவையான வசதிகளையும் செய்துதர வேண்டும். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்றிதழ் இருந்தால், 6 முதல் 18 வயதுவரை அருகிலுள்ள பள்ளியிலோ விரும்புகிற சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை உண்டு.

நடைமுறையில் ‘நீக்குகிறோம்’ என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். நீங்களே சலித்துப்போய்க் கேட்கும்படி செய்வார்கள். தினமும் பதினொரு மணிக்கு, ‘வந்து கூட்டிட்டுப் போங்க’ என்று போன் வரும். இது நீக்கம்தான், வேறு பெயரில். அரைநாள் பள்ளி சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே நல்லது. ஆனால் எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு நேரம் கூட்டுவோம் என்பது அதே தாளில் இருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். அதிலேயே பாதிப் பேச்சு அடங்கும். அடங்காவிட்டால் கல்வித் துறையின் உதவி எண் 14417, மாவட்டக் கல்வி அலுவலர், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர்.

எல்லாப் பிள்ளைக்கும் சாதாரணப் பள்ளிதான் சரி என்று நான் சொல்ல மாட்டேன். நாற்பத்தைந்து பேர் வகுப்பில் தினமும் துடிக்கிற பிள்ளையை அங்கேயே வைத்திருப்பது வெற்றி இல்லை. அந்த முடிவைப் பெற்றோர் நிதானமாக எடுக்க வேண்டும், துரத்தப்பட்டு அல்ல.

ஷேடோ டீச்சரை நாங்கள்தான் சம்பளம் கொடுத்து வைக்க வேண்டுமா?

சிறப்பாசிரியர் வைப்பது பள்ளியின் கடமை. ராஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒருவர், நடுநிலையில் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று விகிதம் சொன்னது. ஆனால் பிள்ளையின் கூடவே உட்கார்கிற ஆளுக்கு, அதாவது ஷேடோவுக்கு, சென்னைத் தனியார் பள்ளிகளில் பெரும்பாலும் பெற்றோர்தான் பணம் தருகிறார்கள். அநியாயம்தான், அதனால் வருகிறவரின் தகுதியையாவது பாருங்கள். சிறப்பாசிரியர் என்று சொல்லிக்கொண்டு வந்தால் இந்திய மறுவாழ்வுக் கழகப் பதிவு எண்ணைக் கேளுங்கள். அவர் எப்போதும் பிள்ளையின் தோளை ஒட்டியே இருந்தால் ஒரு வருடம் கழித்தும் அப்படியேதான் இருக்கும். மெல்ல மெல்லப் பின்னால் நகர்கிறவர் நல்ல ஷேடோ.

மருந்து கொடுத்தால் அடங்கிவிடுவானா?

ஆட்டிசத்துக்கு மருந்து இல்லை. ஆட்டிசப் பிள்ளைகளின் கடுமையான எரிச்சலுக்கும் அடிதடிக்கும் ரிஸ்பெரிடோன், அரிப்பிப்ரசோல் போன்றவற்றை மனநல மருத்துவர் எழுதுவதுண்டு. சிலருக்கு நன்றாக உதவும். எடை கூடும், தூக்கம் வரும். நோட்டில் இரண்டு வாரக் கணக்கை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். ‘மாத்திரை போட்டால்தான் உள்ளே விடுவோம்’ என்று சொல்லப் பள்ளிக்கு அதிகாரம் கிடையாது.

பையனுக்குப் பதினாலு வயது. எல்லாரையும் கட்டிப்பிடிக்கிறான். புகார் வருகிறது.

அஞ்சு வயதில் ‘அத்தைக்கு ஒரு முத்தா குடு’ என்று பழக்கியது நாம்தான். பதினாலில் திடீரென்று குற்றம் என்றால் அவனுக்கு எப்படிப் புரியும்? பத்து வயதுக்கு முன்பே கைகுலுக்கலுக்கு மாற்றுங்கள். தன் உடம்பைத் தொட்டுக்கொண்டால் ‘சீச்சீ’ வேண்டாம். ‘இது பாத்ரூமில், கதவை மூடிவிட்டு’ என்று ஒரே வாக்கியத்தைப் படத்தோடு, எல்லாரும் ஒரே மாதிரி சொல்லுங்கள்.

இன்னொரு பிள்ளைக்கு அவனால் சங்கடம் என்றால் அந்தப் பிள்ளையின் பயம் உண்மை. அதை முதலில் கவனிக்க வேண்டும். அதே நேரம் இவனும் எளிதில் இரையாகக்கூடியவன். கழிப்பறைக்கு உதவி செய்வது யார் என்று எழுத்தில் இருக்கட்டும். பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரிந்தால் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ‘முதலில் நாங்களே விசாரிக்கிறோம்’ என்று தள்ளிப்போடக் கூடாது. பேசத் தெரியாத பிள்ளையின் வாக்குமூலத்துக்குச் சிறப்பாசிரியரின் உதவியைப் பெறவும் அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது.

‘கொன்னுடுவேன்’ என்கிறான்.

பல சமயம் அது சினிமா வசனம். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்கிற பிள்ளைகள் சூடான இடத்தில் சூடான வசனத்தை எடுத்துவிடுவார்கள். அதற்காகச் சிரித்துவிட்டும் போகக் கூடாது. யாரை, எதனால், எப்படி என்று அமைதியாகக் கேளுங்கள். குறிப்பிட்ட ஆள், குறிப்பிட்ட பொருள், திரும்பத் திரும்ப அதே பேச்சு என்றால் அன்றே பெற்றோரும் மனநல மருத்துவரும் வர வேண்டும். அந்தக் குறிப்பிட்ட ஆள் இவனை என்ன செய்தான் என்றும் விசாரிக்க மறக்காதீர்கள். ‘செத்துடலாம்’ என்று சொன்னால் இன்னும் கவனம். நன்றாகப் பேசக்கூடிய ஆட்டிசப் பதின்வயதினரிடம் தற்கொலை எண்ணம் மற்றவர்களைவிட அதிகம். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் தமிழிலேயே பேசலாம்.

வகுப்பு வாட்ஸ்ஆப் குரூப்பில் அந்தப் பிள்ளையின் வீடியோ சுற்றுகிறது.

அழியுங்கள். எடுத்தவரிடமும் அழிக்கச் சொல்லுங்கள்.

சென்னையில் எங்கே போவது?

சிறு பிள்ளைக்கு எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை. பல குறைபாடுகள் சேர்ந்திருந்தால் முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனம். ‘நிப்மெட்’ என்று கேட்டால் ஈ.சி.ஆரில் வழி சொல்வார்கள். கோட்டூர்புரம் வித்யாசாகர் 1985 முதல் இயங்குகிறது. அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக: வேன் அண்ணனுக்கு எவ்வளவு சொல்லலாம்?

நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. ஹார்ன் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான், ஜன்னலோரம் ஒரே சீட் வேண்டும், டைடல் பார்க் சிக்னலில் ரொம்ப நேரம் நின்றால் பையிலிருக்கிற நீலத் துணியை எடுத்துக் கொடுங்கள், இறக்கிவிடும்போது கையைப் பிடித்து ஆயாம்மா கையில்தான் கொடுக்க வேண்டும், கேட்டில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, பின்பக்கம் இரண்டு போன் நம்பர். அவர் லீவு போட்டால் மாற்று டிரைவரிடம் அந்த அட்டை போக வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.